கார்டு நுழையாத கடைக்குள் க்யூஆர் அட்டை நுழைந்தது எப்படி?

2017 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோல் பங்க் உரிமையாளர்களின் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: நள்ளிரவு முதல் பங்க்குகளில் கார்டு வாங்க மாட்டோம். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து அன்றோடு சரியாக இரண்டு மாதம். ஏடிஎம் வாசல் வரிசைகள் இன்னும் முழுதாகக் கலையவில்லை. ரொக்கத்தை விடுங்கள், கார்டுக்கு மாறுங்கள் என்று அரசாங்கம் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரம் பார்த்து, மக்கள் கார்டு நீட்டிப் பழகிய இடங்களில் ஒன்று 'எங்களுக்கு வேண்டாம்' என்றது.

நோட்டுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தள்ளி வைத்திருந்த கட்டணத்தை வங்கிகள் மறுபடி கேட்டதுதான் காரணம். கார்டு வழியாக நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் 1 சதவீதம் வரை பங்க்காரர் கணக்கில் பிடித்துக்கொள்வோம் என்றன. பங்க்காரருக்குக் கிடைப்பதோ, லிட்டருக்கு இவ்வளவு என்று எண்ணெய் நிறுவனம் கொடுக்கும் கமிஷன். விலையை ஏற்றி விற்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. லிட்டர் 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 70 பைசா வரை வங்கிக்குப் போகும். அது அவருடைய இரண்டு மூன்று ரூபாய்க் கமிஷனைக் கடித்துக்கொண்டுதான் போகும். அன்றிரவே பேச்சு நடந்து முடிவு 13ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அப்புறம், இந்தச் செலவு பங்க்காரர் தலையிலும் விழாது, பெட்ரோல் போடுபவர் தலையிலும் விழாது, வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் பேசிக்கொள்ளும் என்று அரசு சொல்ல, விவகாரம் அடங்கியது.

இந்தியாவில் மின்னணுப் பணம் வளர்ந்த கதையைச் செல்லாத நோட்டிலிருந்தோ செல்போனிலிருந்தோ தொடங்குவது வழக்கம். எனக்கு அந்த 70 பைசாதான் சரியான தொடக்கமாகப் படுகிறது. பல பத்தாண்டுகள் ஊருக்குள் இருந்தும் கார்டு ஏன் ஜவுளிக்கடை வாசலைத் தாண்டி மளிகைக்கடைக்குள் போகவில்லை, யுபிஐ ஏன் சில வருஷங்களிலேயே தள்ளுவண்டி வரை போனது என்ற இரண்டு கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

அந்த இருபது ரூபாய்

ஒரு கடையில் 1000 ரூபாய்க்குத் துணி எடுத்துக் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறீர்கள். உங்களுக்குக் கார்டு கொடுத்தது ஒரு வங்கி. கடைக்கு மெஷின் கொடுத்தது இன்னொரு வங்கி. இரண்டுக்கும் நடுவில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று ஏதோ ஒரு வலையமைப்பு. உங்கள் கணக்கில் 1000 ரூபாய் பற்று விழும். கடைக்காரர் கணக்கில் மறுநாள் ஏறுவது 980 ரூபாயாக இருக்கும். நடுவில் காணாமல் போன 20 ரூபாய்க்குப் பெயர் எம்டிஆர், அதாவது வணிகர் தள்ளுபடிக் கட்டணம். தள்ளுபடி என்றதும் கடைக்காரருக்கு ஏதோ சலுகை என்று தோன்றும். அவருக்கு வர வேண்டியதில் தள்ளப்படுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இந்த 20 ரூபாயில் பெரும் பங்கு, கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. மெஷின் வைத்த வங்கியும் வலையமைப்பும் மீதியைப் பிரித்துக்கொள்ளும். ஒன்றரை மாதம் வரை வட்டியில்லாமல் கடன் தர முடிவதும், ரிவார்டு பாயிண்ட் கொடுக்க முடிவதும் இந்தப் பணத்தின் தயவில்தான். உங்கள் பாயிண்டுக்குக் காசு கொடுப்பவர் துணிக்கடைக்காரர் என்று சொன்னால் மிகையில்லை.

துணிக்கடையும் பெரிய ஓட்டலும் இதைத் தாங்கும். அரிசி, எண்ணெய், பால் பாக்கெட் விற்கும் கடையில் நூற்றுக்கு நாலைந்து ரூபாய் நிற்பதே பெரிது. ஐந்தில் இரண்டைக் கொடுத்துவிட்டு அவர் எதற்குக் கடை நடத்த வேண்டும்? 'கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்' என்ற வசனம் அங்கே பிறந்ததுதான். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று விதி இருந்தாலும், கடை கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு யார் விதி பேசுவது? மெஷினுக்கு வாடகை தனி. மாதத்துக்கு இவ்வளவு வியாபாரம் ஓடவில்லையென்றால் அதற்கும் ஒரு கட்டணம்.

விளைவு எண்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. 2016இல் நாட்டில் 70 கோடிக்கு மேல் டெபிட் கார்டுகள் இருந்தன. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் கணக்குகளுக்கும் ரூபே கார்டு கொடுத்ததில் எண்ணிக்கை வேகமாக ஏறியிருந்தது. அதே 2016இல் கடைகளில் இருந்த கார்டு மெஷின்கள் சுமார் 15 லட்சம். ஒரு மெஷினுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கார்டு. மக்கள் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? சம்பளம் வந்ததும் இயந்திரத்தில் போட்டுப் பணமாக எடுத்தார்கள். நம் பேச்சில் டெபிட் கார்டுக்கு 'ஏடிஎம் கார்டு' என்ற பெயரே நிலைத்துப்போனது இதற்கு நல்ல சாட்சி.

ரிசர்வ் வங்கிக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 2012 செப்டம்பரிலிருந்து டெபிட் கார்டு கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது: 2000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். கடைக்காரருக்கு நல்லது. ஆனால் மெஷின் வைக்கும் வங்கிக்கு, சின்ன ஊரில் இருக்கும் சின்னக் கடையைத் தேடிப் போவதில் இருந்த கொஞ்ச நஞ்ச ஆர்வமும் குறைந்தது. 2018 ஜனவரியிலிருந்து கடையின் அளவுக்கேற்பக் கட்டணத்தைப் பிரித்தார்கள். ஆண்டு வியாபாரம் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு அதிகபட்சம் 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90. அதுவும் போதவில்லை. நூற்றுக்கு 40 பைசா என்பது எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், ஒவ்வொரு விற்பனையிலும் யாரோ ஒருவர் கை நீட்டுகிறார் என்ற எண்ணம் கடைக்காரரை உறுத்திக்கொண்டே இருக்கும். ரொக்கம் அப்படிக் கை நீட்டுவதில்லை. அதை எண்ணுவதற்கும் பூட்டி வைப்பதற்கும் வங்கியில் கட்டுவதற்கும் செலவு உண்டுதான், ஆனால் அது எந்த ரசீதிலும் வருவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத குழாய்கள்

யுபிஐ 2016இல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முன்னால் பத்து வருஷம் யாரும் கைதட்டாத வேலை ஒன்று நடந்தது.

ஒரு வங்கியின் கார்டை இன்னொரு வங்கியின் ஏடிஎம்மில் போட்டால் பணம் வர வேண்டும் என்பது இன்று சாதாரணம். அதற்கான நாடு தழுவிய இணைப்பு 2004இல்தான் வந்தது. ஹைதராபாத்தில் ரிசர்வ் வங்கி தொடங்கிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அதை அமைத்தது. 2009 ஏப்ரலில் வேறு வங்கி ஏடிஎம்மில் எடுக்கவும் கட்டணம் இல்லை என்றார்கள். சில மாதங்களில் மாதத்துக்கு ஐந்து முறை என்று கட்டுப்பாடு வந்தது. இலவசம் என்றால் வங்கிகள் எத்தனை நாள் பொறுக்கும் என்பதற்கு அது ஒரு முன்னோட்டம்.

2007இல் பணப்பரிமாற்ற முறைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2008 டிசம்பரில், ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து இந்திய தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தை உருவாக்கின. என்பிசிஐ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வங்கிகளே பங்குதாரர்கள், ஆனால் லாப நோக்கமற்ற நிறுவனம். இந்த அமைப்பு முக்கியம். தனியார் நிறுவனம் ஒன்று இந்தக் குழாய்களைப் பதித்திருந்தால் ஒவ்வொரு சொட்டுக்கும் மீட்டர் வைத்திருக்கும்.

2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ் வந்தது. ஞாயிறு, பண்டிகை, நடுராத்திரி என்று பார்க்காமல் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே பணம் போகும். யுபிஐயின் எலும்புக்கூடு அப்போதே தயார். பெறுபவரின் செல்போன் எண்ணோடு ஏழு இலக்கத்தில் இன்னொரு எண்ணும் வேண்டும் என்று வைத்திருந்தார்கள், அதுதான் குறை. சொந்த வண்டி நம்பரே ஞாபகம் இல்லாத மனிதர்கள் நாம். அந்த ஏழு இலக்கத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

யுபிஐ செய்த வேலை, அந்த எலும்புக்கூட்டின் மேல் மனிதர்கள் கையாளக்கூடிய ஒரு முகத்தை வைத்ததுதான். 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் அதைத் தொடங்கி வைத்தார். 21 வங்கிகள் சேர்ந்தன. ஆகஸ்ட் கடைசியில் வங்கிகளின் செயலிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. நவம்பர் 8 இரவு பிரதமரின் அறிவிப்பு வந்து, புழக்கத்தில் இருந்த பண மதிப்பில் 86 சதவீதம் செல்லாமல் போனபோது, யுபிஐ ஆப் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இங்கே ஒரு பொதுவான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. செல்லாத நோட்டு அறிவிப்புதான் யுபிஐயை வளர்த்தது என்று பலர் சொல்கிறார்கள். 2016 டிசம்பரில் நாடு முழுக்க நடந்த யுபிஐ பரிமாற்றங்கள் மொத்தமே சுமார் 20 லட்சம். அதே மாதம் கடைகளில் டெபிட் கார்டு தேய்க்கப்பட்டது 40 கோடி முறைக்கு மேல். அந்த நெருக்கடி தூக்கிவிட்டது கார்டையும் பேடிஎம் மாதிரி வாலட்டுகளையும்தான். புது நோட்டுகள் வர வர, கார்டு எண்ணிக்கை இறங்கவும் செய்தது. மக்களை ஒரு வழிக்குத் துரத்துவது வேறு, அந்த வழி அவர்களுக்குப் பிடித்துப்போவது வேறு.

வாலட்டுகள் ஏன் நிலைக்கவில்லை? அன்று ஒரு வாலட்டில் பணம் போட்டால் அதே வாலட் வைத்திருப்பவருக்குத்தான் கொடுக்க முடிந்தது. கடையில் நாலு வாலட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உங்களிடம் இருப்பது ஐந்தாவதாக இருக்கும். யுபிஐயில் பணம் எங்கேயும் போய்த் தங்குவதில்லை, வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. ஆப் என்பது ரிமோட் மாதிரி, அவ்வளவுதான். எந்த ரிமோட்டாலும் எந்த வங்கிக் கணக்கையும் இயக்கலாம். கடைச் சுவரில் ஒட்டியிருப்பது எந்த நிறுவனத்தின் க்யூஆர் ஆனாலும் உங்கள் ஆப் படிக்கும். வங்கி அல்லாத நிறுவனங்களும் ஆப் நடத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது இன்னொரு பெரிய முடிவு. வங்கிகள் மட்டும் செய்திருந்தால் பயன்படுத்துவோரை மதித்த ஆப் ஒன்றுகூட வந்திருக்காது என்பது என் சொந்தக் கருத்து.

ஸ்கேன் செய்து பின் போட்டதும் நடப்பது இது. ஆப் ஒரு வங்கி வழியாக என்பிசிஐக்குச் செய்தி அனுப்பும். என்பிசிஐ உங்கள் வங்கியிடம் 'இவர் கணக்கில் 40 ரூபாய் எடு' என்று சொல்லும். எடுத்தாயிற்று என்று பதில் வந்ததும், கடைக்காரரின் வங்கியிடம் 'அவர் கணக்கில் 40 ரூபாய் வை' என்று சொல்லும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நொடியில் வங்கிக்கும் வங்கிக்கும் இடையே பணம் எதுவும் நகர்வதில்லை. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கு வைத்துக்கொண்டு, நாளுக்குப் பல முறை மொத்தமாகக் கழித்துக் கூட்டி, ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகள் வழியாக நேர் செய்துகொள்கிறார்கள். கடைக்காரர் கணக்கில் உடனே ஏறும் 40 ரூபாய், அவருடைய வங்கி அந்த ஏற்பாட்டை நம்பி முன்கூட்டியே கொடுப்பது.

சில சமயம் நடுவில் அறுந்துபோகும். ஒருமுறை எனக்குக் கணக்கில் பணம் போய்விட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. அவரும் நானும் இரண்டு திரைகளை மாறி மாறிக் காட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றோம். கடைசியில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பணம் மறுநாள் திரும்பியது. கடைக்குச் செலுத்தியது இப்படித் தொங்கிப்போனால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று 2019 முதல் ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. இதைத் தெரிந்து கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி.

அட்டை, பெட்டி, பூஜ்யம்

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இன்டர்நெட் விலை சரிந்தது. 2017 செப்டம்பரில் கூகுள், தேஸ் என்ற பெயரில் இறங்கியது. பின்னால் அது கூகுள் பே ஆகி, நம் ஊரில் 'ஜிபே பண்ணிடறேன்' என்று வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. போன்பே வைத்திருப்பவரும் 'ஜிபே பண்றேன்' என்றுதான் சொல்கிறார். ஆரம்ப நாட்களில் ஸ்க்ராட்ச் கார்டைச் சுரண்டினால் நிஜமாகவே காசு வந்தது. பழக்கம் பிடித்துக்கொண்டதும் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று வரத் தொடங்கியது. அதற்குள் யாரும் திரும்பிப் போகிற நிலையில் இல்லை.

கடைக்காரர் பக்கம் நடந்த மாற்றம் இதைவிடப் பெரிது. கார்டு மெஷின் என்பது மின்சாரம், இணைப்பு, பேப்பர் ரோல், வாடகை, விண்ணப்பம் எல்லாம் கேட்கும் ஒரு பொருள். க்யூஆர் என்பது அச்சடித்த அட்டை. கிழிந்தால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளலாம். கருவிச் செலவு முழுக்க வாடிக்கையாளர் பக்கம் நகர்ந்துவிட்டது, அவரோ ஏற்கெனவே வேறு காரணத்துக்காகப் போன் வாங்கி வைத்திருக்கிறார். 2025 மார்ச் கணக்கில் நாட்டில் யுபிஐ க்யூஆர் அட்டைகள் 65 கோடியைத் தாண்டின. கார்டு மெஷின்கள் சுமார் 1 கோடி.

அட்டையில் ஒரு ஓட்டை இருந்தது. பணம் போய்விட்டது என்று வாடிக்கையாளர் தன் போனைக் காட்டுவார். அது நேற்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டாகவும் இருக்கலாம். எண்ணெய் கொதிக்கும் சட்டிக்கு முன்னால் நிற்கும் வடைக்கடைக்காரர் கையைத் துடைத்து, போனை எடுத்து, குறுஞ்செய்தியைத் தேடிப் பார்க்க முடியுமா? அந்த இடத்தில்தான் பேசும் பெட்டி வந்தது. 'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்று தமிழிலேயே உரக்கச் சொல்லும். படிக்கத் தெரிய வேண்டாம், திரும்பிப் பார்க்க வேண்டாம், காதில் விழுந்தால் போதும். யுபிஐ வளர்ச்சி பற்றிப் பேசும்போது மென்பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெட்டிக்குப் பாதிப் பங்கு கொடுப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2020 ஜனவரி 1. அன்று முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் பூஜ்யம் என்று மத்திய அரசு சட்டமாகவே ஆக்கியது. பெட்ரோல் பங்க்காரர் அன்று மறுத்த அந்தப் பைசா இந்த இரண்டிலும் இனி யாரிடமும் வாங்கப்படாது. மாதத்துக்கு 100 கோடி பரிமாற்றம் என்ற எல்லையை யுபிஐ 2019 அக்டோபரில்தான் தொட்டிருந்தது. 2023 ஆகஸ்டில் மாதத்துக்கு 1000 கோடி ஆனது, 2025 ஆகஸ்டில் 2000 கோடி. 2024-25 நிதியாண்டு முழுவதற்கும் சுமார் 18,500 கோடி பரிமாற்றங்கள், மதிப்பு 260 லட்சம் கோடி ரூபாய் அளவில். கடைகளில் நடப்பவற்றில் பெரும்பாலானவை 500 ரூபாய்க்குக் கீழ். அதாவது கார்டு தொட முடியாமல் போன அதே டீ, தக்காளி, ஆட்டோ வாடகைப் பணம். டெபிட் கார்டோ இறங்குமுகம்: 2019-20இல் 500 கோடி முறைக்கு மேல் பயன்பட்டது, 2024-25இல் 200 கோடிக்கும் கீழே. கிரெடிட் கார்டு மட்டும் தாக்குப்பிடித்து 2024இல் 10 கோடி எண்ணிக்கையைத் தாண்டியது. அது கடன் கொடுக்கிறது, யுபிஐ பெரும்பாலும் உங்கள் கணக்கில் இருப்பதைத்தான் கொடுக்கும்.

பூஜ்யத்துக்கு யார் செலவு செய்கிறார்கள்?

கட்டணம் பூஜ்யமானாலும் செலவு பூஜ்யமாகவில்லை. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவாத அறிக்கை, 800 ரூபாய் அளவிலான ஒரு கடைப் பரிமாற்றத்துக்கு எல்லாத் தரப்பின் செலவையும் கூட்டினால் சுமார் 2 ரூபாய் ஆகிறது என்று கணக்குப் போட்டது. அதாவது கால் சதவீதம். அதைப் படித்துவிட்டுக் கட்டணம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்ப, யுபிஐ ஒரு பொதுச் சொத்து, கட்டணம் விதிக்கும் எண்ணம் இல்லை என்று நிதியமைச்சகம் சில நாட்களிலேயே சொன்னது.

அந்த 2 ரூபாய் இப்போது பல பைகளிலிருந்து வருகிறது. முதல் பை வங்கிகளுடையது. சர்வர் திறனைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், வருமானம் இல்லை. உங்கள் வங்கி மாதத்தில் சில நாட்களில் 'சர்வர் டவுன்' என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. காசு வராத சாலையை யார் ஆசையாக அகலப்படுத்துவார்கள்? இரண்டாவது, வரிப்பணம். 2024-25க்கு மத்திய அரசு ஒதுக்கிய ஊக்கத்தொகை 1,500 கோடி ரூபாய். சின்னக் கடைகளில் 2000 ரூபாய் வரையிலான பரிமாற்றத்துக்கு 0.15 சதவீதம் வங்கிகளுக்குக் கிடைக்கும் என்பது அந்த ஆண்டின் திட்டம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு, சர்வர் ஒழுங்காக ஓடினால்தான். ஒப்பிட ஒரு தொகை: அதே ஆண்டில் நோட்டு அச்சடிக்க மட்டும் ரிசர்வ் வங்கிக்கு ஆன செலவு 6,372 கோடி. அந்த வகையில் 1,500 கோடி வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். யுபிஐ வந்ததால் நோட்டு அச்சடிப்பது குறைந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை, அதைப் பின்னால் பார்க்கலாம்.

மூன்றாவது பை முதலீட்டாளர்களுடையது. போன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து பரிமாற்றங்களில் சுமார் 80 சதவீதத்தை வைத்திருக்கின்றன. எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று என்பிசிஐ 2020இலேயே சொல்லிவிட்டு, கெடுவைத் தள்ளித் தள்ளி இப்போது 2026 கடைசி வரை கொண்டுவந்திருக்கிறது. போன்பேயில் பெரும்பங்கு வைத்திருக்கும் வால்மார்ட்டும் கூகுளும் இலவசச் சேவைக்கு ஏன் பணம் கொட்டுகின்றன? ஆப்பைத் திறந்ததும் தனிநபர் கடன், தங்கம், இன்சூரன்ஸ் என்று கண்ணில் படுகிறதே, அதற்குத்தான். உங்கள் வரவு செலவு தெரிந்த இடத்தில் கடன் விற்பது எளிது. கடைக்காரருக்கும் அப்படியே. நாள்தோறும் பெட்டி சொல்லும் தொகையைப் பார்த்து அவருக்குக் கடன் கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. தண்டல்காரர் சைக்கிளில் வந்து செய்த அதே வேலை.

மற்ற நாடுகள் வேறு வழி பார்த்தன. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசாவில் அனுப்புகிறவர் தொகைக்கேற்பக் கட்டணம் கட்டுகிறார். நடத்துவது தொலைபேசி நிறுவனம், அதற்கு அது நல்ல வருமானம். பிரேசிலில் 2020 நவம்பரில் மத்திய வங்கியே தொடங்கிய பிக்ஸ், தனிமனிதர்களுக்கு இலவசம், வணிகர்களிடம் வங்கிகள் கட்டணம் வாங்கலாம். இருவரிடமும் வாங்காதது நம் வழி.

வெளிச்சத்தின் விலை

கடைக்காரருக்குக் கட்டணம் மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2025 ஜூலையில் கர்நாடகம் இன்னொன்றைக் காட்டியது. அந்த மாநில வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்து 2021-22 முதலான ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்த்து, சரக்கு விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சம், சேவையில் 20 லட்சம் என்ற ஜிஎஸ்டி எல்லையைத் தாண்டியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக்கடைக்காரர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். சில நாட்களில் பெங்களூரு கடைகளில் க்யூஆர் அட்டைகள் கழன்றன. 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' என்று கையால் எழுதிய தாள்கள் ஏறின. கடையடைப்பு அறிவிப்பு வந்த பிறகு, பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று முதல்வர் சித்தராமையா சொன்னார்.

யார் பக்கம் நியாயம் என்றால் எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரிகிறது. எல்லையைத் தாண்டியவர் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் காய்கறிக்கும் பாலுக்கும் வரியே கிடையாது. கணக்கில் ஏறியதெல்லாம் வியாபாரமும் இல்லை, மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் அதே க்யூஆரில்தான் வரும். ரொக்கத்தில் இருந்தவரை யாரும் கேட்காத கேள்வியை நான்கு வருஷத்துக்குச் சேர்த்து ஒரே நாளில் கேட்டால், அவர் குற்றம் சாட்டப்போவது சட்டத்தை அல்ல, அந்த அட்டையை.

சரி, ரொக்கம் என்னதான் ஆனது? 2016 நவம்பரில் சுமார் 18 லட்சம் கோடியாக இருந்த பணப்புழக்கம் 2025இல் 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. யுபிஐ வெடித்து வளர்ந்த அதே வருஷங்களில் நோட்டும் இரட்டிப்பானது. பொருளாதாரமும் கூடவே வளர்ந்திருப்பதால் ஒப்பீட்டளவில் பெரிய மாற்றம் இல்லை என்பது ஒரு விளக்கம். இன்னொன்று நோட்டுகளின் வகையில் தெரிகிறது. 2025 மார்ச் கணக்கில் புழக்கத்தில் இருந்த மதிப்பில் சுமார் 86 சதவீதம் 500 ரூபாய் நோட்டுகள். செல்லாமல் ஆக்கியபோது இருந்த அதே 86 என்பது தற்செயல்தான், ஆனாலும் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. செலவுக்கான சில்லறை போனுக்குள் போய்விட்டது. பீரோவுக்குள் வைக்கிற நோட்டு பீரோவிலேயே இருக்கிறது. கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, நிலம் வாங்கும்போது பத்திரத்தில் ஏறாத பாதிக்கு.

கட்டணப் பேச்சு மறுபடி எழுந்தது. 2025 மார்ச்சில், பெரிய வணிகர்களிடம் மட்டும் 0.3 சதவீதம் வாங்க அனுமதியுங்கள் என்று இத்துறை நிறுவனங்களின் கூட்டமைப்பு பிரதமருக்குக் கடிதம் எழுதியது. ஜூனில், அப்படி எதுவும் வரப்போவதில்லை, வதந்தி என்று நிதியமைச்சகம் மறுத்தது. ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா, செலவு என்று ஒன்று இருக்கிறது, அதை யாராவது கட்டத்தான் வேண்டும் என்றார்.

கடைக்காரர் இதற்கிடையே ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பேசும் பெட்டிக்கு மாத வாடகை, பெரும்பாலும் நூறு ரூபாயை ஒட்டி. ஒரு மாதத்தில் அந்தப் பெட்டி வழியாக 40,000 ரூபாய் வியாபாரம் நடந்தால், நூறு ரூபாய் என்பது கால் சதவீதம். ரிசர்வ் வங்கி போட்ட கணக்கும் ஏறக்குறைய அதுவேதான். அவரிடம் போய் விற்பனையில் கால் சதவீதம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், அட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார். வாடகையை மட்டும் மாதம் தவறாமல் கட்டுகிறார். கடை வாடகை, கரண்ட் பில் மாதிரி அது தொகை தெரிந்த செலவு. வியாபாரம் ஏறினால் அது ஏறாது.